கணக்கைக் காட்டச் சொல்வது குற்றமா?

போனஸ் பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தார் உட்கார்ந்துகொண்டு "இந்த வருஷம் நட்டம்" என்று சொன்னால் நம்மில் யாராவது நம்புகிறோமா? 1965-ல் போனஸ் சட்டம் வந்த நாள் முதல் "வரவு செலவைக் காட்டு, கணக்குப் புத்தகத்தைத் திற" என்பதுதான் தொழிலாளியின் முதல் கேள்வி. 1982-ல் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது ஆலை முதலாளிகள் பாடியதும் இதே நட்டப் பாட்டுதான். அந்தப் பாட்டின் ராகம் நமக்கு அத்துப்படி. முதலாளியின் நட்டக் கணக்கில் எங்கே ஓட்டை, எந்தச் செலவு யாருடைய மச்சான் பேரில் எழுதியது என்று நம் தோழர்கள் விரல் வைத்துக் காட்டுவார்கள்.

அதே தோழர்களில் சிலர் பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்தின் படியேறும்போது மட்டும் முதலாளியாகிவிடுகிறார்கள். "எனக்கு வருமானம் இல்லை. கையில் வருவது கடனுக்கே போகிறது. ரூம் என் பேரில் இல்லை, ஊர் நிலம் அண்ணன் பேரில்" என்று அங்கே பாடுவதும் பழைய நட்டப் பாட்டேதான். கேட்டுக்கொண்டு நிற்பவள் அவரோடு பதினைந்து வருஷம் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் குடித்தனம் நடத்தியவள். அவள் "கணக்கைக் காட்டு" என்றால் உடனே அவளுக்கு வாயாடி என்று பட்டம். நாம் கேட்கிறோம்: ஆலை வாசலில் உரிமையாக இருந்த கேள்வி வீட்டு வாசலில் எப்படிக் குற்றமாயிற்று?

வடாலா, ஆன்டாப் ஹில், கோலிவாடா, தாராவி என்று நம் மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளிலிருந்து மணவிலக்கு, ஜீவனாம்ச வழக்குகளுக்குப் போகிறவர்கள் இன்று கொஞ்சமல்ல. வடாலா ரோட்டில் ஏறினால் கிங்ஸ் சர்க்கிள், மாகிம் வழியாகப் பாந்த்ரா. வண்டிச் சத்தம் பெரிய தொகையல்ல. வக்கீல் சத்தம்தான் தாங்காது. ஆகவே தாமே நின்று வாதாடுகிறவர்கள் பெருகுகிறார்கள். அதில் தவறில்லை. 1984-ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவு, இந்த நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வதை யாரும் உரிமையாகக் கோர முடியாது என்றுதான் சொல்கிறது. கணவனும் மனைவியும் நேரே வந்து பேசட்டும், சட்டச் சண்டை வேண்டாம் என்பது அன்றைய எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் நடைமுறையில் காசுள்ளவர் அனுமதி வாங்கி வக்கீலோடு வந்துவிடுகிறார். காசில்லாதவர் கையில் பிளாஸ்டிக் பையோடு தனியே நிற்கிறார். மேசை ஒன்றுதான், இரண்டு பக்கமும் ஒரே உயரமாக இல்லை.

அந்த உயரத்தைக் கொஞ்சமாவது சரிப்படுத்துகிற ஒரு கருவி 2020-ல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பற்றி நம் பெண்களிடம் விசாரித்தால் பத்தில் ஒருவருக்குத் தெரிந்திருந்தாலே அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இது நம் மகாராஷ்டிரத்திலேயே, நாகபுரியில் தொடங்கிய வழக்கு. 'ரஜ்னேஷ் எதிர் நேஹா' என்று சட்டப் புத்தகங்களில் பேர். பிள்ளை பிறந்த சில நாளில், 2013 ஜனவரியில் கணவன் வீட்டை விட்டு வெளியேறிய பெண், அந்த வருஷம் செப்டம்பரில் தனக்கும் குழந்தைக்கும் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டார். நாகபுரி குடும்ப நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் அவருக்கு மாதம் 15,000 ரூபாயும், குழந்தைக்கு முதலில் 5,000, பிறகு 10,000 ரூபாயும் தரச் சொன்னது. கணவர் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளைக்குப் போனார். 2018-ல் அங்கேயும் தள்ளுபடி. பிறகு டில்லிக்குப் போனார். தமக்கு வேலையில்லை, அசையாச் சொத்து எதுவுமில்லை, நடப்பில் இருப்பது ஒரே ஒரு வங்கிக் கணக்கு என்று சத்தியம் செய்தார். 2006-ஆம் வருஷத்து வருமான வரிக் கணக்கைப் பார்த்து 2013-க்கு எப்படித் தொகை போடலாம் என்றும் கேட்டார். உச்ச நீதிமன்றம், 2005-06 முதலான வருமான வரிக் கணக்குகளையும் பாஸ்போர்ட் நகலையும் கொண்டுவா என்றது. கடைசியில் 2020 நவம்பர் 4-ஆம் தேதி நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் சுபாஷ் ரெட்டியும் தீர்ப்புச் சொன்னார்கள்: குடும்ப நீதிமன்றம் போட்ட தொகை சரி, பாக்கி முழுவதையும் பன்னிரண்டு வாரத்தில் கட்டு. ஒரு இடைக்கால ஜீவனாம்சத்துக்கு ஏழு வருஷம். கைக்குழந்தை பள்ளிக்கூடம் போகிற பையனாகிவிட்டது.

அந்த ஏழு வருஷத் தாமதத்தைப் பார்த்துத்தான் நீதிபதிகள் நாடு முழுவதற்கும் ஒரு முறை வகுத்தார்கள். ஜீவனாம்சம் கேட்கிறவர், தரவேண்டியவர் இருவருமே தங்கள் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் ஒரு குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாக எழுதித் தரவேண்டும். மனுப் போடுகிறவர் மனுவோடு சேர்த்தே தரவேண்டும். எதிர்த்தரப்பு அதிகபட்சம் நான்கு வாரத்துக்குள் பதிலோடு தரவேண்டும். இதற்காக இரண்டு வாய்தாவுக்கு மேல் கிடையாது. வேண்டுமென்றே இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கிவிடலாம். தராமலே இருந்தால் மனுதாரரின் பத்திரத்தையும் கையிலுள்ள ஆவணங்களையும் வைத்துத் தீர்ப்புச் சொல்லலாம். பத்திரங்கள் வந்தபின் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் இடைக்கால மனுவை முடிக்கவேண்டும். தொகை மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். இனி இழுத்தடிப்பதில் கணவருக்கு லாபம் இல்லை, பாக்கிதான் ஏறும்.

அந்தப் படிவத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, இதை வகுத்தவர்களுக்குக் குடும்பத்தின் உள்ளறை தெரிந்திருக்கிறது என்றே நமக்குத் தோன்றியது. சம்பளம், தொழில், வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை, காப்பீடு, நகை, வாகனம், வீடு, திருமணத்துக்குப் பின் சேர்த்தது, விற்றது, மற்றவர் பேருக்கு மாற்றியது எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம். கூடவே ஒரு பகுதி: எதிர்த்தரப்பின் படிப்பு, வேலை, வருமானம், சொத்து பற்றி உனக்குத் தெரிந்ததை எழுது, கையிலிருக்கும் ஆதாரத்தை இணை. தனியாக நிற்கும் பெண்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியில் "தெரியாது" என்று ஒரே சொல்லில் கோடு இழுத்துவிடுகிறார்கள். தாய்மார்களே, உங்களுக்குத் தெரியாதா? மாதம் எத்தனை தேதிக்குச் சம்பளம் வந்தது, எந்த வங்கியில் வந்தது, தீபாவளிக்கு எவ்வளவு கிடைத்தது, சீட்டு எங்கே போட்டார், எப்போது எடுத்தார் என்பதெல்லாம் அடுப்படியில் நின்றுகொண்டே உங்களுக்கு மனப்பாடம். அதை எழுதுங்கள். தெரிந்ததைத் தெரிந்ததாகவும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவும் பிரித்து எழுதுங்கள். கேள்விப்பட்டதைத் தெரிந்ததாக எழுதினால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வீர்கள்.

படிவம் இருக்கிறது என்பதாலேயே நீதிமன்றம் தானாகக் கேட்டு வாங்கிவிடும் என்று இருந்துவிடவும் வேண்டாம். கீழ் நீதிமன்றங்களில் பல இடங்களில் இந்த முறை பின்பற்றப்படவில்லை என்று உச்ச நீதிமன்றமே 2023 நவம்பரில் இன்னொரு வழக்கில் வருத்தப்பட்டு, தன் உத்தரவை எல்லா நீதிமன்றங்களுக்கும் திரும்பவும் அனுப்பச் சொன்னது. ஆகவே எதிர்த்தரப்பின் பத்திரம் வரவில்லையென்றால் நாமேதான் எழுந்து கேட்கவேண்டும். வாயால் கேட்டது காற்றோடு போகும். அரைத்தாளில் மனுவாக எழுதிக் கொடுங்கள். அன்றைய நடப்பு ரோஸ்னாமாவில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாய்தாவில் "இவர் ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கிவிட்டார்" என்று காட்ட அந்த ரோஸ்னாமாதான் சாட்சி.

சரி, பத்திரம் வந்துவிட்டது. அதில் இருப்பது பொய். தகராறே இங்கேதான் தொடங்குகிறது. தனியாக நிற்கும் ஒருவர் இந்த இடத்தில் உணர்ச்சிவசப்பட்டு "அத்தனையும் பொய், ஐயா!" என்று கதறுவதால் பயன் எதுவும் இல்லை. நீதிபதிக்குக் கண்ணீர் பழகிப்போன ஒன்று. கணக்கில் இடிக்கும் இடத்தைக் காட்டினால்தான் அவர் பேனாவை எடுப்பார்.

நாம் ரயில்வே எழுத்தர்கள். சம்பளச் சீட்டு நமக்குக் கைவந்த கலை. ஆகவே சம்பளச் சீட்டில் தொடங்குவோம். ஒரு கணக்குக்காக, மொத்தச் சம்பளம் 60,000 என்று வையுங்கள். வருமான வரி, தொழில் வரி, கட்டாய வைப்புநிதி என்று கட்டாயப் பிடித்தம் 7,000. மிஞ்சவேண்டியது 53,000. ஆனால் சீட்டின் அடியில் 'கைக்கு வருவது 21,000' என்று இருக்கிறது. நடுவில் காணாமற்போன 32,000 எங்கே? சொசைட்டிக் கடன் தவணை 14,000, விருப்ப வைப்புநிதி 12,000, காப்பீட்டுப் பாலிசி 6,000. இதில் விருப்ப வைப்புநிதி அவருடைய சொந்தச் சேமிப்பு. பாலிசி அவருடைய சொந்தச் சொத்து. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு "பணம் தீர்ந்துவிட்டது" என்று சொல்வதற்குப் பெயர் வறுமையா? உச்ச நீதிமன்றம் 1970-லேயே, குல்பூஷண் குமார் வழக்கில், வருமான வரியையும் கட்டாய வைப்புநிதியையும் கழிக்கலாம், வீட்டு வாடகை, மின்சாரக் கட்டணம் போன்றவற்றைக் கழிக்கக்கூடாது என்று கோடு போட்டுவிட்டது. எனவே அடியில் உள்ள எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள். மேலேயிருந்து படியுங்கள். விருப்பப் பிடித்தம் எந்த மாதத்திலிருந்து கூடியது என்று பாருங்கள். வழக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மாதமும் பிடித்தம் கூடிய மாதமும் ஒன்றாக இருந்தால் அதற்கு மேல் வாதம் தேவையில்லை. இரண்டு மாதச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். கடன் விஷயத்தில் மட்டும் நியாயமாக இருக்கவேண்டும். பிள்ளையின் ஆபரேஷனுக்கு வாங்கிய கடனும், வழக்கு வந்தபின் தங்கை கணவருக்காக வாங்கிய கடனும் ஒன்றல்ல. கடன் வாங்கிய தேதியும் பணம் போன இடமும் கேட்கப்பட வேண்டும்.

சம்பளச் சீட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை 2018-ல் ஜீவனாம்ச வழக்கு நடக்கும்போது மனைவிக்குக் கணவனின் சம்பள விவரத்தை மறுக்க முடியாது என்று சொன்னது உண்மை. ஆனால் 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் அந்தத் தனிப்பட்ட தகவல் விதியை மேலும் இறுக்கிவிட்டது. (அரசாங்கம் நம் விரல் ரேகையையும் கண் மணியையும் கேட்கும்போது இல்லாத அந்தரங்கம் அதிகாரியின் சம்பளத்துக்கு மட்டும் எப்படியோ முளைத்துவிடுகிறது!) அந்த வழியில் அலைந்து ஆறு மாதத்தைத் தொலைப்பதைவிட, வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே "இவருடைய அலுவலகத்திலிருந்து சம்பளச் சான்று வரவழைத்துத் தாருங்கள்" என்று மனுப் போடுவதே நேர்வழி.

ஒளிப்பவர் கையிலுள்ள தாளைப் பெறுவதற்கு அந்த 2020 தீர்ப்பே இன்னொரு வழியையும் சொல்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11-வது கட்டளைப்படி, நீதிமன்றத்தின் அனுமதியோடு வினாப்பட்டியல் கொடுக்கலாம். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லலாம். வினாவுக்குப் பதில் சத்தியத்தின் பேரில், சாதாரணமாகப் பத்து நாளில் வரவேண்டும். ஆனால் வினா கேட்கவும் தெரியவேண்டும். "உன் உண்மையான வருமானம் என்ன?" என்பது வினாவே அல்ல, அதற்கு அவர் இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போவார். "இன்ன வங்கி, இன்ன கணக்கிலிருந்து இன்ன தேதியில் உங்கள் அண்ணன் கணக்குக்குப் போன தொகை எதற்காக? அது திரும்பி வந்ததா?", "இன்ன எண்ணுள்ள டாக்சியின் பெர்மிட் யார் பேரில்? ஷிஃப்டுக்கு ஓட்டுகிறவர் நாளைக்கு எவ்வளவு தருகிறார்?" என்று தேதியும் எண்ணும் இடமும் போட்டுக் கேட்டால், பதிலும் எண்ணாகத்தான் வரவேண்டும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த உண்மையை அவர்தான் நிரூபிக்கவேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 106-வது பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 109. தன் வருமானம் தனக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது அல்லவா? குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-வது பிரிவும் நமக்குத் துணை: சாட்சியச் சட்டக் கட்டுப்பாடுகளைப் பார்க்காமல், வழக்கைத் தீர்க்க உதவும் எந்தத் தாளையும் நீதிமன்றம் ஏற்கலாம். பழைய பாஸ் புக்கின் ஒரு பக்கம், பால் டைரி, பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தகப்பன் வருமானம் என்று அவரே எழுதிய எண், வீட்டுக் கடன் வாங்க வங்கிக்குக் கொடுத்த வருமான விவரம் எல்லாமே பேசும். கடன் கேட்கும்போது 80,000, ஜீவனாம்சம் கேட்டால் 12,000 என்று ஒரே மனிதர் எழுதிய இரண்டு தாள்களைவிடப் பெரிய சாட்சி எது?

இதுவரை சொன்னது சம்பளக்காரர் கதை. நம் மக்களில் பாதிப்பேருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. இட்லித் தூக்கு, தோல் பட்டறை, சென்டிரிங் கான்டிராக்ட், டாக்சி, லாரி டெர்மினல் என்று பிழைப்பு. இங்கேதான் அந்தத் தீர்ப்பில் நமக்கு ஒரு குறை தெரிகிறது. பொருளாதாரத்தில் நலிந்தவர், வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்பவர், தினக்கூலி ஆகியோர் இந்தப் பத்திரத்தைத் தரவேண்டியதில்லை என்று அதில் விலக்கு இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஏழையைப் படிவத்தால் வதைக்கக் கூடாது என்ற இரக்கம் புரிகிறது. ஆனால் அந்த இரக்கம் யாருக்குப் போய்ச் சேருகிறது? பத்து ஆள் வைத்துச் சென்டிரிங் வேலை எடுக்கிற கான்டிராக்டர், வழக்கு வந்ததும் "நான் தினக்கூலி" என்று கையை விரிக்கிறார். உண்மையான தினக்கூலிக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. அவனுக்கு இந்த விலக்கு பெரிய லாபமும் இல்லை. லாபம் எல்லாம் பொய்த் தினக்கூலிக்கே. விலக்குக் கேட்பவர் முதலில் தாம் தினக்கூலி என்பதை நிரூபிக்கட்டும் என்று மனுதாரர் ஆட்சேபிக்க வேண்டும். லைசென்ஸ், பெர்மிட், பட்டறை வாடகைச் சீட்டு, கரன்ட் பில் என்று ஏதாவது ஒன்று எங்காவது இருக்கும். இப்போது அதைவிட எளிய சாட்சியும் வந்துவிட்டது. தள்ளுவண்டியில் ஒட்டிய கட்டம் போட்ட அட்டையும், காசு விழுந்ததும் கூவுகிற அந்தச் சின்னப் பெட்டியும். தெருவே கேட்கக் கூவிய வரவு நீதிமன்றத்தில் மட்டும் ஊமையாகிவிடுமா? அந்த வங்கிக் கணக்கின் அறிக்கையைக் கேளுங்கள்.

வேலையே இல்லை என்று சொன்னாலும் கணவர் தப்பிவிட முடியாது. உடலில் தெம்புள்ளவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்றும் கடமையுள்ளவன் என்று 2022 செப்டம்பரில் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்தது ரூம். மும்பையில் நம் குடும்பத்தின் ஒரே பெரிய சொத்து அதுதான். குடிசை மாற்றுத் திட்டத்தில் கிடைத்த வீடு என்றால், ஒப்பந்தம் குடிசைக்காரர், அவர் துணைவர் இருவர் பேரிலும் கூட்டாக இருக்கவேண்டும் என்பது விதி. எத்தனை பெண்களுக்கு இது தெரியும்? ஒப்பந்த நகலைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? "என் பேரில்தான் இருக்கிறது, வெளியே போ" என்பதைக் கேட்டுக்கொண்டு பையைத் தூக்குவதற்கு முன் அந்தத் தாளைத் தேடிப் பாருங்கள். தாராவியில் மறுவளர்ச்சிக்கான கணக்கெடுப்பு 2024-ல் தொடங்கிய பிறகு, யார் பேரில் தாள் என்பது ஒவ்வொரு வீட்டிலும் உயிர்ப் பிரச்சினை. வழக்கு நடக்கும்போதே ரூமைத் தம்பி பேருக்கு மாற்றிவிடுகிற சாமர்த்தியம் நடந்தால், விற்றது, மாற்றியது என்று படிவத்தில் இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேளுங்கள். மேற்கொண்டு கைமாறாமல் தடையுத்தரவும் கேளுங்கள்.

ஊர் நிலத்துக்கு அந்தத் தீர்ப்பிலேயே விவசாயக் குடும்பங்களுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது. "திருநெல்வேலியில் இருப்பதைப் பாந்த்ரா ஜட்ஜ் எப்படிப் பார்ப்பார்?" என்று நினைப்பவர்கள் காலத்தை அறியாதவர்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் பட்டா, சிட்டாவைத் தமிழ்நாடு அரசின் இணைய சேவையில் பார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறையில் கிடைக்கும். வழக்கு வந்தபின் நடந்த 'தானம்', 'விடுதலை' எல்லாம் வில்லங்கத்தில் தேதியோடு உட்கார்ந்திருக்கும். தமிழ்த் தாள் அங்கே செல்லாது, மொழிபெயர்த்து இணைக்கவேண்டும். இந்த ஒரு வேலைக்காவது நம் படித்த பிள்ளைகள் உதவக்கூடாதா?

ஏலச்சீட்டும் நகையும்தான் கடினம். சீட்டுக்குத் தாளில்லை, நகைக்குப் பில்லில்லை. திருமணப் புகைப்படமும் அடகுக்கடைச் சீட்டும்தான் பெரும்பாலும் மிச்சம். கிடைப்பதை இணைப்பதைத் தவிர வேறு வழி நமக்கும் தெரியவில்லை.

இனி பெண்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் படிவம் இரு தரப்புக்கும் பொது. மாட்டுங்காவில் வீட்டு வேலையோ, தையலோ, அப்பளமோ செய்து மாதம் 8,000 சம்பாதிப்பவர்கள், அதைச் சொன்னால் ஜீவனாம்சம் போய்விடும் என்று பயந்து "வருமானம் இல்லை" என்று எழுதுகிறார்கள். பயம் வேண்டாம். மனைவி சம்பாதிக்கிறாள் என்பதாலேயே ஜீவனாம்சம் மறுக்கப்படாது என்று அதே 2020 தீர்ப்பு சொல்கிறது. தொகை நிர்ணயத்தில் கணக்கில் வரும், அவ்வளவுதான். சத்தியத்தின் பேரில் பொய் சொன்னால் குற்ற நடவடிக்கை எடுக்கலாம் என்பது இருவருக்கும் பொருந்தும். 8,000-ஐ மறைத்தது வெளியே வந்தால் நீங்கள் கணவரைப் பற்றி எழுதிய அத்தனை உண்மையும் சந்தேகத்துக்கு ஆளாகும். அதேபோல, மனைவி உண்மையிலேயே நல்ல வருமானத்தை ஒளித்து ஒரு நேர்மையான தோழரை அலைக்கழித்தால், அவர் கையிலும் இதே ஆயுதம் இருக்கிறது. அவரும் வினாப்பட்டியல் கொடுக்கட்டும். நாமே எழுதித் தருவோம்.

2025 ஜூலையில் மும்பை வீடு ஒன்றைப் பற்றிய ஜீவனாம்ச வழக்கில் ஒரு பெண் உச்ச நீதிமன்றத்தில் தாமே நின்று வாதாடினார். 12 கோடி ரூபாயும் கார்வண்டியும் கேட்டார் என்று பத்திரிகைகள் கேலி பேசித் தீர்த்தன. அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் அமர்வு, இரு தரப்பும் வருமான ஆவணங்களை முழுமையாகத் தாக்கல் செய்யச் சொன்னதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. கோடீஸ்வரர் வழக்கானாலும் இட்லி வியாபாரி வழக்கானாலும் அந்த மேசைமேல் முதலில் விழவேண்டியது ஒரே தாள்தான்.

இந்த ஜீவனாம்சச் சட்டம் எந்த மதத்துப் பெண்ணுக்கும் உண்டு. பழைய 125-வது பிரிவு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144. மணவிலக்குப் பெற்ற இசுலாமியப் பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் திரும்பவும் உறுதி செய்தது. நம் நெல்லைச் சகோதரிகள் கவனிக்க.

கடைசியாக, நம் சங்கங்களைப் பற்றிப் பேசாமல் முடிப்பது நேர்மையல்ல. குடும்பத் தகராறு என்று வந்தால் நாம் பஞ்சாயத்து வைக்கிறோம். நல்லதுதான், அநேக வீடுகள் அதனால் சேர்ந்திருக்கின்றன. ஆனால் பிரிவது என்று முடிவானபின் "ஒரு தொகை பேசி முடித்துவிடுவோம்" என்று இறங்கும்போது, எந்தக் கணக்கைப் பார்த்துத் தொகை பேசுகிறோம்? கணவர் வாயால் சொல்லும் வருமானத்தை. அவர் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர், கொடிக்கம்பம் நட்டவர், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர். அவளோ யாரோ ஒருவருடைய மனைவி. 1929-லேயே செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு என்று தீர்மானம் போட்ட மரபு நம்முடையது என்று மேடையில் முழங்குகிறோம். பஞ்சாயத்துப் பாயில் உட்கார்ந்தால் மட்டும் அந்தத் தீர்மானம் ஞாபகத்துக்கு வருவதில்லை. இதைவிடக் கேடு, "இவர் வருமானம் குறைந்தவர்" என்று சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச்சொல்லிக் கேட்டு வருவது. கேட்பவரைவிட எழுதித் தருகிறவர் பெரிய குற்றவாளி.

ஆகவே நாம் வைக்கும் யோசனை இது. இனிப் பஞ்சாயத்தில் தொகை பேசுமுன் இரு தரப்பும் அந்த உச்ச நீதிமன்றப் படிவத்தைப் பூர்த்தி செய்து மேசைமேல் வைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு, படிவம் நிரப்பவும் தமிழ்த் தாளை மொழிபெயர்க்கவும் ஆள் உட்காரவேண்டும். சம்பளச் சீட்டுப் படிக்கும் பொறுப்பை ரயில்வேக்காரர்கள் நாம் ஏற்கிறோம். வருமானம் பற்றிய எந்தச் சான்றும் சங்கத்தின் பேரில் தரக்கூடாது. வக்கீல் தேவைப்படும் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி தரவேண்டும் என்று 1987 சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். அந்த எண்ணை அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கப் பெயின்டுக்கு ஆகும் செலவு நம்முடையது.

வருகிற பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். எதிர்த்துப் பேச விரும்பும் தோழர்கள் தாராளமாகப் பேசலாம். வரும்போது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் கையோடு எடுத்து வரட்டும்.